புவிவெப்ப மின்சாரம்: தொழில்துறைச் சங்கங்கள் மாநாடு நடத்துவதைத் தவிர வேறென்ன செய்கின்றன?

வாசகர் கேள்வி, நவம்பர் 2

பூமிக்கடியில் உள்ள வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் நாடுகள் பலவற்றிலும் அதற்கென்று ஒரு தொழில்துறைச் சங்கம் இருக்கிறது. ஆண்டுக்கொரு மாநாடு, வழவழப்பான கையேடு, இரவு விருந்து, குழுப்படம் என்று அவற்றின் பணி முடிந்துவிடுவதாகவே எனக்குத் தோன்றுகிறது. இத்துறையை வளர்த்தவை அரசின் பணமும் பொறியாளர்களின் உழைப்பும்தான். சங்கம் ஒன்று முடிவைத் தீர்மானித்த நாடு எதையாவது காட்ட முடியுமா?

நவம்பர் 2, இரவு

காட்ட முடியும். ஜப்பான். ஆனால் அங்கே முடிவைத் தீர்மானித்ததில் பெரும்பங்கு புவிவெப்பச் சங்கத்துக்கு அல்ல, அதை எதிர்த்து நின்ற வெந்நீர் ஊற்றுச் சங்கத்துக்கு உண்டு.

புவிவெப்ப வளத்தில் அமெரிக்காவுக்கும் இந்தோனேசியாவுக்கும் அடுத்த மூன்றாம் இடம் ஜப்பானுடையது; ஏறத்தாழ 23,000 மெகாவாட் எடுக்கலாம் என்பது அரசு மதிப்பீடு. நிறுவப்பட்டிருப்பதோ 600 மெகாவாட்டை ஒட்டிய அளவுதான். உலகெங்கும் சுழலும் புவிவெப்ப டர்பைன்களில் பாதிக்கு மேல் தோஷிபா, மிட்சுபிஷி, ஃபூஜி ஆகிய மூன்று ஜப்பானிய நிறுவனங்கள் செய்தவை. இயந்திரத்தைச் செய்து கென்யாவுக்கும் ஐஸ்லாந்துக்கும் நியூசிலாந்துக்கும் அனுப்பிக்கொண்டே, சொந்த மண்ணில் மட்டும் கைகட்டி நிற்கும் நாடு அது.

அங்கே வெந்நீர் ஊற்றை ஒன்சென் என்பார்கள். தங்கும் விடுதிகளோடு கூடிய ஒன்சென் ஊர்கள் ஏறத்தாழ 3,000 உள்ளன. அவற்றின் பொதுக்குரலான ஜப்பான் ஒன்சென் சங்கம் 1929இல் தொடங்கப்பட்டது. ஜப்பான் புவிவெப்பச் சங்கம் இன்றைய வடிவில் உருவானது 2012இல். இரண்டுக்கும் இடையே 83 ஆண்டுகள். நிலத்தடி வெந்நீரில் யாருக்கு முதல் உரிமை என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஒரு தரப்பு மட்டுமே மண்டபத்தில் உட்கார்ந்திருந்த காலம் அது.

நவம்பர் 3

மேலே எழுதியதை இன்று மறுபடி படித்தபோது, பழி முழுவதையும் விடுதிக்காரர்கள் தலையில் கட்டுவதுபோல் அது தொனிப்பதைக் கண்டேன். வேறு காரணங்களும் உண்டு. வளத்தில் சுமார் எண்பது விழுக்காடு தேசியப் பூங்காக்களின் எல்லைக்குள் இருக்கிறது. 1970களில் பூங்காக்களுக்குள் புதிய நிலையங்களுக்குத் தடை போட்டார்கள். அது தளர்ந்தது 2012இல். 1997இல் வந்த புதிய ஆற்றல் சட்டம் சூரியனையும் காற்றையும் சேர்த்துக்கொண்டு புவிவெப்பத்தை வெளியே நிறுத்தியது. வெந்நீரின் வெப்பத்தால் எளிதில் கொதிக்கும் வேறொரு திரவத்தை ஆவியாக்கி டர்பைனைச் சுழற்றும் சிறிய பைனரி வகை நிலையங்களுக்கு மட்டும் 2008இல் கதவு திறந்தது.

இந்தக் கடைசி விஷயம்தான் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துவது. ஒரு சட்டத்தின் வரையறைப் பிரிவில் ஒரு சொல் இடம்பெறுவதும் விடுபடுவதும் ஒரு தொழிலின் பத்தாண்டு முதலீட்டைத் தீர்மானிக்கின்றன. வரைவு எழுதப்படும் அறையில் உட்கார்ந்து அந்தச் சொல்லுக்காக வாதாடுவது தனி நிறுவனத்தால் ஆகிற காரியமல்ல. சங்கம் என்ற ஒன்று தேவைப்படுவது முதலில் அங்கேதான்.

நவம்பர் 5

"நீங்கள் அங்கே நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்" என்று ஒருவர் கேட்டிருந்தார். டர்பைன் பராமரிப்புக் குழு ஒன்றில், தெற்கு ஜப்பானின் கியூஷு தீவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். அந்தக் காலத்தில், ஓயிட்டா மாகாணத்தின் மலையூர் ஒன்றில் புதிய நிலையம் குறித்த விளக்கக் கூட்டத்துக்கு எங்கள் மேலாளரோடு போயிருக்கிறேன். ஊர்ப் பொது மண்டபம், வாசலில் காலணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும், மடக்கு நாற்காலிகள், ஒரு மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பு.

திட்டத்தை முன்வைத்த பொறியாளர் நிலத்தின் குறுக்குவெட்டுப் படத்தைத் திரையில் காட்டினார். ஒன்சென் நீர் சில நூறு மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, நாங்கள் எடுக்கப்போவது 2,000 மீட்டருக்குக் கீழே, இடையில் நீர் புகாத களிமண் பாறை மூடிபோல் கிடக்கிறது, ஆகவே ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பே இல்லை என்றார். படம் அழகாக இருந்தது; நீலமும் சிவப்பும் ஒன்றையொன்று தொடவேயில்லை.

விடுதி நடத்தும் மூதாட்டி ஒருவர் எழுந்தார். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். அவருடைய மாமனார் காலத்திலிருந்தே, காலையில் முதல் வேலையாக ஊற்றின் வெப்பநிலையையும் தொட்டி நிரம்ப ஆகும் நேரத்தையும் குறித்துவைக்கும் வழக்கம் அந்த வீட்டில் இருந்தது. சில பக்கங்களில் மழை, நிலநடுக்கம் என்று ஓரக்குறிப்புகள். அவர் கேட்டது ஒரே கேள்வி: "இது எங்கள் ஊற்றின் கணக்கு. உங்கள் படம் எந்த ஊற்றை எத்தனை ஆண்டு அளந்து வரைந்தது?" பொறியாளரிடம் அந்த ஊரில் எடுத்த அளவுகள் இரண்டு பருவத்துக்கு மட்டுமே இருந்தன. கூட்டம் அதோடு முடிந்துபோனது என்றே சொல்லலாம், அதன் பிறகும் தேநீர் வந்தது, பேச்சும் நீண்டது என்றாலும்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஆயிரம் அடிக்குப் போர் போட்ட மறுகோடையில் கிணறு வற்றிப்போன எந்த விவசாயியிடமும் "உங்கள் நீரோட்டம் வேறு, அவருடைய நீரோட்டம் வேறு" என்று சொல்லிப் பாருங்கள். அந்த மண்டபத்தில் இருந்த முகங்களை நான் ஊரில் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

நவம்பர் 6

"அந்த அச்சம் அறிவியல்பூர்வமானதா, வெறும் பிடிவாதமா?" என்ற கேள்விக்கு.

இரண்டுக்கும் எடுத்துக்காட்டு உண்டு. நியூசிலாந்தின் வைராகேயில் 1958இல் நிலையம் இயங்கத் தொடங்கியது. பயன்படுத்திய நீரைத் திரும்ப நிலத்துக்குள் செலுத்தும் பழக்கம் அன்று இல்லை, ஆற்றில் விட்டார்கள். நிலத்தடி அழுத்தம் இறங்கியது. அருகிலிருந்த பள்ளத்தாக்கில் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்த வெந்நீர் ஊற்றுகள் அடங்கின; ஓரிடத்தில் தரை ஏறத்தாழ 15 மீட்டர் தாழ்ந்தது. அதே நாட்டின் ரோட்டோருவாவில் வீடுகளும் விடுதிகளும் தத்தம் போக்கில் போட்ட ஆழ்துளைகளால் புகழ்பெற்ற பொஹூட்டு ஊற்று தளர்ந்தபோது, அதைச் சுற்றி 1.5 கிலோமீட்டருக்குள் இருந்த துளைகளை 1980களின் பிற்பகுதியில் மூட ஆணையிட்டார்கள். ஊற்றுகள் மெல்ல மெல்ல மீண்டன.

ரோட்டோருவாவில் ஊற்றைக் கெடுத்தது மின்நிலையமே அல்ல என்பதைக் கவனியுங்கள். குளியலுக்கும் வீட்டுச் சூட்டுக்கும் ஆளாளுக்கு உறிஞ்சியதுதான். ஜப்பானிலும் ஒன்சென் ஊர்களே போட்டி போட்டுத் துளையிட்டுத் தங்கள் ஊற்றுகளைத் தளர்த்திக்கொண்ட கதைகள் உண்டு. இதைப் புவிவெப்பச் சங்கத்தார் கூட்டங்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொன்னது உண்மை, சொன்ன இடம்தான் தவறு. விருந்துக்குப் போன வீட்டில் சாம்பாரில் உப்பில்லை என்று சொன்னால், உப்பு உண்மையிலேயே இல்லாவிட்டாலும், இரண்டாம் முறை இலை விழாது.

நவம்பர் 9

மின் கொள்முதலுக்கான உறுதி விலை நடைமுறைக்கு வரவிருந்த 2012இல் ஒன்சென் சங்கம் ஐந்து கோரிக்கைகளை முன்வைத்தது: உள்ளூராட்சி, ஒன்சென் நடத்துவோர் உள்ளிட்டவர்களின் ஒப்புதல், இரு தரப்பும் தகவல்களை நடுநிலையோடு வெளியிடுவதும் அதற்கான மூன்றாம் தரப்பு அமைப்பும், அளவுக்கு மீறி உறிஞ்சுவதைத் தடுக்கும் ஒழுங்குமுறை, விரிந்த பரப்பில் தொடர்ச்சியான கண்காணிப்பு, பாதிப்பு நேர்ந்தால் மீட்டுத்தரும் பொறுப்பை எழுத்தில் தருவது.

அந்த ஆண்டு ஜூலையில் வந்த விலை தாராளமானது: 15 மெகாவாட்டுக்குக் குறைந்த நிலையத்துக்கு ஒரு யூனிட்டுக்கு 40 யென், அதற்கு மேற்பட்டதற்கு 26 யென், 15 ஆண்டுகளுக்கு. பூங்கா விதிகளும் தளர்ந்திருந்தன. ஆய்வுத் துளைகளுக்கு அரசு நிறுவனமான ஜோக்மெக் மானியம் தரத் தொடங்கியது. கேள்வி கேட்டவர் சொல்லும் அரசுப் பணம் என்பது இதுதான். விளைவு என்ன? சிறு நிலையங்கள் பெருகின. பெரியவற்றில், அகிதா மாகாணத்தின் வசாபிசாவா நிலையம் 46 மெகாவாட் திறனோடு 2019இல் வந்தது. அந்த அளவில் ஒரு நிலையம் ஜப்பானில் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. 2030க்குள் 1,500 மெகாவாட் என்ற அரசின் இலக்கு எட்டாத தொலைவில் நிற்கிறது.

பணம் வந்தும் நிலையம் வராததற்கு ஒரு சட்டக் காரணம் உண்டு. ஒன்சென் சட்டப்படி துளையிட மாகாண ஆளுநரின் அனுமதி வேண்டும். அவரோ ஆலோசனைக் குழுவின் கருத்தைக் கேட்காமல் முடிவெடுக்க முடியாது. அங்கே எழும் ஐயம் விலையால் தீர்வதில்லை, அளவுகளால்தான் தீரும். இப்போது அந்த ஐந்து கோரிக்கைகளை மறுபடி படியுங்கள். அவற்றை எதிர்ப்புப் பட்டியலாகப் படித்தவர்கள் பத்தாண்டை இழந்தார்கள். புவிவெப்பத்தை வளர்க்க விரும்பும் ஒரு சங்கம் தன் சொந்த வேலைத்திட்டத்தை எழுத உட்கார்ந்தால், இதைவிடச் சிறந்த ஐந்தை எழுதியிருக்க முடியாது என்பது என் கருத்து.

நவம்பர் 9, பின்னர்

விருந்தைப் பற்றிய கிண்டலுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். விருந்து உண்டு, நன்றாகவும் இருக்கும். ஆனால் பன்னாட்டுப் புவிவெப்பச் சங்கம் நடத்தும் உலக மாநாடுகளின் கட்டுரைகள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் அவற்றைத் தேடும் வசதியோடு வைத்திருக்கிறது. ஆய்வுக்காக டர்பைன் உறையைத் திறக்கும்போது நீராவி பாய்ந்து வரும் முதல் வரிசை நோஸில்களில் (குறுகிய வாய்களில்) வெள்ளையாக, அரை விரல் தடிமனுக்குச் சிலிக்கா படிந்திருக்கும். தட்டினால் சில்லுசில்லாகத் தெறிக்கும், கண்ணாடி போடாமல் நின்றால் கண் போய்விடும். நீரின் அமிலத்தன்மையை எந்த அளவுக்கு மாற்றினால் படிவு குறையும், குழாய் அரிக்காது என்பதை நான் கற்றுக்கொண்டது பிலிப்பைன்ஸிலும் ஐஸ்லாந்திலும் தோற்றவர்கள் எழுதிய கட்டுரைகளிலிருந்துதான். போட்டி நிறுவனங்கள் தங்கள் தோல்வியை ஒரே மேடையில் வாசிக்கச் செய்வது சங்கத்தால் மட்டுமே ஆகும். அதற்கு ஒரு வேளைச் சோறு போடுவதில் தவறில்லை.

நவம்பர் 12

ஆஸ்திரேலியாவைப் பற்றி ஒருவர் நினைவூட்டினார். நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் இரு பக்கமும் வெட்டும்.

2000களில் அங்கே புவிவெப்ப நிறுவனங்கள் வரிசையாகப் பங்குச்சந்தைக்கு வந்தன. "எங்கள் பாறையில் இத்தனை வெப்பம் இருக்கிறது" என்று ஆளுக்கொரு கணக்கைச் சொல்லிப் பங்கு விற்கும் நிலையைத் தடுக்க, 2008இல் அந்நாட்டுப் புவிவெப்பச் சங்கமும் ஆய்வாளர் குழுவும் சேர்ந்து வளத்தை எப்படி மதிப்பிட்டு அறிவிக்க வேண்டும் என்ற விதிநூலை வெளியிட்டன. பின்னாளில் பன்னாட்டுச் சங்கம் ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தோடு சேர்ந்து, எண்ணெய்க்கும் கனிமத்துக்கும் இருப்பதுபோன்ற வகைப்பாட்டுமுறையைப் புவிவெப்பத்துக்கு 2016இல் கொண்டுவந்தது. வங்கிக்காரர் ஒருவர் இந்தோனேசியத் திட்டத்தையும் துருக்கித் திட்டத்தையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க இது வழிசெய்கிறது. செய்தித்தாளில் வராத வேலை. ஆனால் கையேடு அச்சிடுவதற்கும் இதற்கும் வெகுதூரம்.

மறுபக்கம்: கூப்பர் படுகையில் ஜியோடைனமிக்ஸ் நிறுவனம் நான்கு கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் சூடான கருங்கல்லை எட்டியது, 2013இல் ஒரு மெகாவாட் மாதிரி நிலையத்தை ஓட்டியும் காட்டியது. அதற்கு மேல் பொருளாதாரம் ஒத்துவரவில்லை, இடத்தைக் கைவிட்டார்கள். விதிநூல் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் பாறைக்குள் நீர் போதிய அளவு ஓடாவிட்டால் சங்கம் என்ன செய்யும்?

நவம்பர் 13

ஐரோப்பா. புவிவெப்பத்தின் அடிப்படைத் தொல்லை, பணத்தில் பெரும்பகுதியை முதலில் மண்ணுக்குள் கொட்டிவிட்டுப் பிறகுதான் நீர் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள முடியும் என்பது. பிரான்ஸ் இதற்கு 1980களின் தொடக்கத்திலேயே ஒரு பொது நிதியை ஏற்படுத்தியது. துளை வெறுமையாகப் போனாலும், பல ஆண்டு கழித்து வெந்நீர் குறைந்தாலும் இழப்பில் ஒரு பகுதியை அது ஏற்கும். பாரிஸைச் சுற்றியுள்ள பகுதிகளில் இன்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் நிலத்தடி வெந்நீரால் சூடாவதற்கு இந்த நிதிக்கு நேரடிப் பங்கு உண்டு.

அரசு செய்தது, சங்கம் செய்யவில்லை என்று கேள்வி கேட்டவர் உடனே சொல்வார். சரி. ஆனால் 1998இல் தொடங்கிய ஐரோப்பியப் புவிவெப்பக் கழகம் இந்தப் பிரெஞ்சு ஏற்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, மற்ற நாட்டு அமைச்சகங்களில் "இதேபோல் நீங்களும் வையுங்கள்" என்று விடாமல் கேட்டுவருகிறது. ஒரு நாட்டின் அதிகாரி அடுத்த நாட்டின் நிதியமைச்சகக் கதவைத் தட்ட மாட்டார். பிரஸ்ஸல்ஸில் அலுவலகம் வைத்திருக்கும் சங்கம் தட்டும்.

நவம்பர் 14

அமெரிக்கா பற்றிச் சுருக்கமாக. அங்கே நெடுங்காலம் இரண்டு அமைப்புகள் இருந்தன: அறிஞர்களும் பொறியாளர்களும் கூடும் கலிஃபோர்னியப் பேரவை ஒன்று, வாஷிங்டனில் சட்டமன்றத்தாரைச் சந்திக்கும் நிறுவனச் சங்கம் ஒன்று. பின்னதன் பணிகளைப் பேரவை ஏற்றுக்கொண்டு 2020இல் ஜியோதர்மல் ரைசிங் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2025 ஜூலையில் சூரிய, காற்று மின்சாரத்துக்கான வரிச்சலுகைகள் வெட்டப்பட்டபோது புவிவெப்பத்துக்கான சலுகை தப்பிப் பிழைத்தது. எண்ணெய்த் துரப்பணத் தொழிலாளர்களும் நிறுவனங்களும் இந்தத் துறைக்குள் வந்துசேர்ந்ததால் இரு கட்சியிலும் அதற்கு ஆள் இருந்தது என்பதே என் கணிப்பு. சங்கத்தின் சாமர்த்தியம் மட்டும் என்று சொல்லத் துணிய மாட்டேன்.

நவம்பர் 17

கேள்வி கேட்டவருக்குச் சாதகமான சான்று ஒன்றையும் நானே வைத்துவிடுகிறேன். கென்யா. 1981இல் ஓல்காரியாவில் 15 மெகாவாட்டோடு தொடங்கிய நாடு, இன்று தன் மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கைப் புவிவெப்பத்திலிருந்து பெறுகிறது. அங்கே துளையிடும் இடரை அரசு நிறுவனங்களே சுமந்தன. மெனெங்காயில் அரசு கிணறு தோண்டி நீராவியைத் தனியாருக்கு விற்கிறது. சங்கம் இருக்கிறது, ஆனால் அது இல்லாவிட்டாலும் ஓல்காரியா வந்திருக்கும். அரசே முதலாளியாக இருக்கும் நாட்டில் சங்கத்தின் வேலை குறைவு. நிலம் பலருடையதாகவும் நீர் யாருடையது என்ற தகராறு பழையதாகவும் இருக்கும் நாட்டில்தான் அதன் தேவை கூடுகிறது.

நவம்பர் 19

ஒன்சென்காரர்கள் எதிர்ப்பவர்கள் மட்டும்தானா என்று கேட்டவருக்கு: ஃபுகுஷிமா மாகாணத்தின் த்சுசியு என்ற ஊற்றூர் 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு பயணிகள் இல்லாமல் தவித்தது, சில விடுதிகள் மூடப்பட்டன. அவ்வூர் ஒன்சென் கூட்டுறவுச் சங்கம் முன்னின்று ஒரு நிறுவனம் தொடங்கி, ஏற்கெனவே இருந்த ஊற்றின் நீராவியையும் வெந்நீரையும் கொண்டு 2015இல் 400 கிலோவாட் பைனரி நிலையத்தை ஓட்டியது. புதிதாக ஆழத் துளையிடவில்லை. குளியலுக்கு அப்படியே விட முடியாத அதிக வெப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆறிய நீரை விடுதிகளுக்கு அனுப்புகிறார்கள். மிஞ்சும் வெப்பத்தில் இறால் வளர்க்கிறார்கள். அந்த இறால் நம் நாட்டு ஆறுகளிலும் வாழும் பெரிய நன்னீர் இறால் இனமேதான். பனி பெய்யும் மலையூரில் அது உயிரோடு இருப்பதே வெந்நீரின் தயவு. பயணிகள் தூண்டில் போட்டுப் பிடித்துச் சுட்டுத் தின்னலாம். குழம்பு வைக்கத் தெரியாத ஊரில் பிடிபடுவது அதன் விதி.

400 கிலோவாட் என்பது நாட்டின் கணக்கில் தூசு. ஆனால் ஒன்சென்காரர்கள் நிலைய உரிமையாளர்களாகவும் இருக்க முடியும் என்று காட்டியதில், நூறு விளக்கக் கூட்டங்களைவிட அது அதிகம் சாதித்திருக்கிறது.

நவம்பர் 21

எதிர்ப்பக்கத்தில் இரண்டு. ஃபுகுஷிமாவிலேயே யனாய்சு-நிஷியாமா நிலையம் 1995இல் 65 மெகாவாட் என்று தொடங்கியது. நீராவி குறைந்துகொண்டே வந்ததால் அதன் அறிவிக்கப்பட்ட திறனை 30 மெகாவாட்டாகக் குறைத்துக்கொண்டார்கள். 2023 கோடையில் ஹொக்கைடோவின் ரன்கோஷியில் ஆய்வுத் துளையிலிருந்து நீராவி பீறிட்டு வாரக்கணக்கில் அடங்கவில்லை. சுற்றியிருந்த நீரில் ஆர்சனிக் கலந்திருந்தது. துளையிட்டவர் யாராக இருந்தாலும், அடுத்த மாகாணத்தில் நடக்கும் கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டியவர் இன்னொரு நிறுவனத்தின் பொறியாளர். தொழில் ஒன்று என்றால் அவப்பெயரும் பொதுதான். துளையிடுவோருக்கான பாதுகாப்பு விதிகளைச் சங்கமே கறாராக வகுக்க வேண்டும் என்று நான் சொல்வது அதனால்.

நவம்பர் 23

"நம் நாட்டில் என்ன நிலை?" லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் ஒரு மெகாவாட் மாதிரி நிலையத்துக்காக 2021 பிப்ரவரியில் ஓ.என்.ஜி.சி. ஒப்பந்தம் செய்தது, 2022 ஆகஸ்டில் துளையிடும்போது வெளியேறிய நீர் ஓடையில் கலந்து வேலை தடைபட்டது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு தேசியப் புவிவெப்பக் கொள்கையை வெளியிட்டிருக்கிறது. ஒரே நிறுவனம் ஒரே இடத்தில் துளையிடும் கட்டத்தில் பெரிய சங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஆனால் பூகா ஓடையின் நீரைத் துளையிடுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே யாராவது அளந்து பொதுவில் வைத்திருந்தால், கலந்தது எவ்வளவு, தெளிந்தது எப்போது என்பதை மேய்ச்சல்காரர்களிடம் எண்களாகக் காட்டியிருக்கலாம்.

நவம்பர் 24

"அளப்பதற்கான செலவை யார் கொடுப்பது?" இந்த இழையில் வந்த மிகக் கூர்மையான கேள்வி இதுதான். ஜப்பானில் பெரும்பாலும் திட்டக்காரர் கொடுக்கிறார். கருவியும் அவருடையது, அறிக்கையும் அவருடையது. அதனால்தான் விடுதிக்காரர் அதை நம்புவதில்லை. பணம் திட்டக்காரருடையதாக இருக்கட்டும்; கருவியைப் பொருத்துவதும் எண்களைப் படிப்பதும் ஒன்சென் சங்கத்தின் உள்ளூர்க் கிளையிடம் இருக்கட்டும்; இரு சங்கங்களும் ஒப்புக்கொண்ட ஒரு பல்கலைக்கழகத் துறை அவற்றை மாதந்தோறும் வெளியிடட்டும். தானியங்கி வெப்பமானியும் நீர்மட்ட அளவியும் ஓர் ஆழ்துளையின் செலவோடு ஒப்பிட்டால் கணக்கிலேயே வராத தொகை. இதைத் திட்டத்துக்குத் திட்டம் பேரம் பேசாமல், நாடு முழுவதற்கும் ஒரே மாதிரி ஒப்பந்தமாக எழுதிக் கையெழுத்திட இரண்டு சங்கங்களால் மட்டுமே முடியும். துளையிடுவதற்கு மூன்றாண்டு முன்பே அளவீடு தொடங்க வேண்டும் என்பதையும் அதில் சேர்க்கச் சொல்வேன். இரண்டு பருவம் போதாது என்பதை அந்த மண்டபத்திலேயே பார்த்தாயிற்று.